தச்சன் கைபட்ட புனிதர்

கோலாலம்பூரின் புடு வட்டாரத்தில், ராபர்ட்சன் சாலையில், பதுவைப் புனித அந்தோணியாரின் பெயரைத் தாங்கிய தேவாலயம் ஒன்று உள்ளது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1910-ஆம் ஆண்டில் எழுந்த ஆலயம் அது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பிறந்ததும் இங்குக் கொடியேற்றமும் நவநாள் வழிபாடும் நடைபெறும். பிரிக்பீல்ட்சிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வருவர். ஜூன் 13-ஆம் நாள் புனிதரின் திருநாள். அதையொட்டி மலர்களாலும் விளக்குகளாலும் அழகு செய்யப்பட்ட அந்தோணியாரின் உருவம் பவனியாக எடுத்துச் செல்லப்படும்.

பவனியில் வரும் உருவத்தைக் கிறிஸ்தவத் தமிழர் ‘சிலை’ என்று சொல்வது குறைவு. ‘சுரூபம்’ என்பதே அவர்கள் வழங்கும் சொல். அந்தோணியாரின் சுரூபத்தை யாரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். பழுப்பு நிறத் துறவாடை. இடுப்பில் மூன்று முடிச்சுகள் இட்ட கயிறு. கையில் குழந்தை இயேசு. கூடவே ஒரு வெள்ளை லீலி மலர் அல்லது ஒரு புத்தகம். மூன்று முடிச்சுகளும் துறவி ஏற்கும் வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வாக்குறுதிகளைக் குறிக்கும். லீலி மலர் தூய்மையின் அடையாளம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இந்த அடையாளங்களைக் கொண்டு புனிதரின் வாழ்க்கையைப் ‘படித்து’விடுவர்.

இத்தாலியில் உயிர்நீத்த ஒரு துறவி தமிழரின் வீட்டுப் பெயராகவே மாறியது எப்படி? அந்தோணிசாமி, அந்தோணியம்மாள் என்ற பெயர்கள் மலேசியத் தமிழர்களிடையே இன்றும் புழங்குகின்றன. இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், கடலில் தத்தளித்த ஒரு மரக்கலமும் அதில் வேலை பார்த்த ஒரு தச்சனும் வழியில் எதிர்ப்படுகின்றனர்.

அந்தோணியார் 1195-ஆம் ஆண்டு போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பெர்னாண்டோ. இளம் வயதிலேயே துறவற மடத்தில் சேர்ந்து கல்வியில் ஆழ்ந்தார். 1220-ஆம் ஆண்டில், மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் போர்த்துகலுக்குக் கொண்டுவரப்பட்டன. அந்தக் காட்சி அவரை உலுக்கியது. அவரும் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார், அந்தோணி என்ற பெயரை ஏற்றார், மொராக்கோவுக்குப் புறப்பட்டார். அங்கே நோய் அவரை வீழ்த்தியது. ஊர் திரும்பக் கப்பல் ஏறினார். காற்று அந்தக் கப்பலை வேறு திசையில் அடித்துச் சென்று இத்தாலியின் சிசிலித் தீவில் ஒதுக்கியது. போக நினைத்த இடம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் வேறு.

இத்தாலியில் அவர் பெரும் மறையுரையாளராகப் புகழ்பெற்றார். ரிமினி நகரில் மனிதர்கள் காது கொடுக்காதபோது அவர் கடற்கரைக்குச் சென்று பேச, மீன்கள் தலைதூக்கிக் கேட்டன என்று ஒரு கதை வழங்குகிறது. அவருடைய புத்தகம் ஒன்று களவுபோய், அவர் வேண்டியபின் திரும்பக் கிடைத்தது என்பது இன்னொரு கதை. காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று அவரை மக்கள் நாடுவதற்கு இதுவே காரணம். சாவியைத் தொலைத்தவர்கூட அவரிடம் முறையிடுவதுண்டு.

1231-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் பதுவை நகருக்கு அருகில் அவர் காலமானார். வயது நாற்பதைக்கூட எட்டவில்லை. நான்கு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமையன்று அடக்கம் செய்யப்பட்டார். செவ்வாய்க்கிழமை அந்தோணியாரின் நாள் என்ற வழக்கம் அதிலிருந்து தோன்றியதே. ஓராண்டு நிறைவதற்குள், 1232-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். இத்தனை விரைவாகப் புனிதர் பட்டம் பெற்றவர்கள் மிகச் சிலரே.

போர்த்துகல் மாலுமிகளுக்கு அந்தோணியார் சொந்த ஊர்ப் பிள்ளை. புயலில் அகப்பட்ட அனுபவம் உள்ளவர் என்பதால் கடலோடிகளுக்கு அவர்மீது தனிப்பற்று. அவர்கள் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தபோது அவரையும் உடன் அழைத்து வந்தனர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1511-இல் மலாக்கா போர்த்துகீசியர் கைக்குச் சென்றது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் புனித சவேரியார் அக்கடற்கரைக்கு வந்தார். மலாக்காவும் தூத்துக்குடிக் கடற்கரையும் அந்த நாளில் ஒரே கடல்வழியின் இரு நிறுத்தங்கள்.

அந்தத் தொடர்பு நம் நாவில் இன்றும் தங்கியிருக்கிறது. மேசை, அலமாரி, ஜன்னல், சாவி ஆகியவை போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். மலாய்மொழியிலும் மேஜா, அல்மாரி, ஜெண்டேலா என அவையே உள்ளன. தேவாலயத்தைக் குறிக்கும் கெரேஜா என்ற சொல்லும் அப்படி வந்ததே. மேசையும் அலமாரியும் ஜன்னலும் தச்சுவேலைப் பொருள்கள் என்பதை இங்குக் கவனிக்கலாம். போர்த்துகீசியரின் பீரங்கிகள் துருப்பிடித்துவிட்டன. அவர்களுடைய தச்சர்கள் செய்தவற்றின் பெயர்கள் மட்டும் இரு மொழிகளிலும் வாழ்கின்றன.

தச்சர் இல்லாமல் அக்காலக் கப்பல் கரையை விட்டு நகராது. உடைந்த பாய்மரத்தை ஒட்டுவதும், அடிப்பலகையில் விழுந்த ஓட்டையை அடைப்பதும், சுக்கானைச் சீர்செய்வதும் அவருடைய வேலை. உளி, வாய்ச்சி, கொட்டாப்புளி, இழைப்புளி ஆகிய கருவிகளுடன் அவர் எப்போதும் ஆயத்தமாக இருப்பார். அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றியதுதான் உவரியின் கதை.

உவரி, திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் உள்ள ஒரு மீனவர் ஊர். நானூறு ஆண்டுகளுக்கும் முன்னர் ஒரு போர்த்துகீசியக் கப்பல் அவ்வழியே சென்றது. கப்பலில் வாந்திபேதி பரவியது. மருந்தில்லை, கரையில்லை. ஒருவர் பின் ஒருவராக மாலுமிகள் படுத்துவிட்டனர். அந்நிலையில் கப்பலின் தச்சர், கிடைத்த மரத்தை எடுத்து அந்தோணியாரின் உருவத்தைச் செதுக்கத் தொடங்கினார். உருவம் நிறைவு பெற்றது. நோயாளிகள் எழுந்து நடமாடினர். பின்னர் கப்பல் உவரியில் கரை சேர்ந்தபோது, மாலுமிகள் அந்தச் சுரூபத்தை ஊருக்குள் ஒரு குடிசையில் வைத்துவிட்டுச் சென்றனர். குடிசை நாளடைவில் கோயிலாயிற்று. 1940-களில் அங்குப் புதிய ஆலயம் கட்டப்பட்டது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்கள் அங்கே செல்கின்றனர். தென்னாட்டுப் பதுவை என்ற பெயரும் உவரிக்கு அமைந்துவிட்டது.

இந்தக் கதையில் ஆண்டு இல்லை. கப்பலின் பெயர் இல்லை. தச்சரின் பெயரும் இல்லை. எழுதிவைத்த வரலாறு வேறு, ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் மரபு வேறு என்பதை நினைவில் கொண்டே இதைப் படிக்க வேண்டும். எனினும், கதையின் மையத்தில் இருப்பவர் யார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கப்பல் தலைவரோ குருவோ போர்வீரரோ அங்கு இல்லை. கைவேலைக்காரர் ஒருவரே இருக்கிறார். எல்லாரும் செயலிழந்து கிடந்தபோது தமக்குத் தெரிந்த ஒரே வேலையை அவர் செய்தார். அவருக்கு மரம் செதுக்குவதே மன்றாட்டாக இருந்தது. உழைப்பாளிகளாகிய மீனவர்கள் இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்ததில் வியப்பில்லை. அதே உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் உள்ளது. ஒரே கடற்காற்று இரண்டு கோபுரங்களின் மீதும் வீசுகிறது.

கப்பலில் அவசரமாகச் செதுக்கிய உருவம் ஒரு வகை. பட்டறையில் மாதக்கணக்கில் உருவாகும் சுரூபம் இன்னொரு வகை. போர்த்துகல், ஸ்பெயின் நாடுகளின் முறை பின்வருமாறு அமைந்தது. முதலில் நன்கு உலர்ந்த மரம் தேர்ந்தெடுக்கப்படும். மரத்தின் வெளிப்பகுதியும் உட்பகுதியும் ஒரே வேகத்தில் உலர்வதில்லை. ஆகவே முழுக்கட்டையாகவே விட்டால் அது ஒருநாள் வெடிக்கும். வெடிப்பு முகத்தின் குறுக்கே ஓடினால் அத்தனை உழைப்பும் பாழ். இதைத் தவிர்க்க, உருவத்தின் முதுகுப்புறத்தைக் குடைந்து உள்ளே வெறுமையாக்கிவிடுவர். எடையும் குறையும். தோளில் சுமக்க வேண்டிய சுரூபத்திற்கு அது மிகவும் தேவை. நீட்டிய கைகள், ஏந்திய குழந்தை ஆகியவற்றைத் தனித்தனியே செதுக்கி முளையடித்துப் பொருத்துவர்.

செதுக்கியபின் வேலை பாதிதான் முடிந்திருக்கும். சுண்ணப்பொடியை விலங்குப் பசையில் குழைத்துப் பல முறை பூசித் தேய்ப்பர். மரத்தின் இழைகளும் உளியின் தடங்களும் மறைந்து, முட்டையோடு போன்ற வழவழப்பு கிடைக்கும். ஆடைப் பகுதியில் பொன் தகடு ஒட்டி, அதன்மேல் வண்ணம் பூசி, வண்ணத்தைக் கூரிய முனையால் கோலம் கோலமாகச் சுரண்டுவர். சுரண்டிய இடத்தில் அடியிலிருக்கும் பொன் மின்னும். பார்ப்பவருக்குப் பூவேலை செய்த பட்டாடை போலத் தோன்றும். முகத்துக்கும் கைகளுக்கும் தோலின் நிறம் ஏற்றுவது கடைசி வேலை. கடினமான வேலையும் அதுவே. ஸ்பெயினில் செதுக்குபவர் ஒருவர், வண்ணம் தீட்டுபவர் மற்றொருவர். இருவருக்கும் தனித்தனித் தொழிற்சங்கங்கள் இருந்தன.

இக்கலை ஆசியக் கைகளில் வேறொரு மெருகைப் பெற்றது. கோவாவிலும் இலங்கையிலும் உள்ளூர்க் கலைஞர்கள் மரத்திலும் தந்தத்திலும் கிறிஸ்தவ உருவங்களைச் செய்தனர். மணிலாவில் குடியேறியிருந்த சீனச் சிற்பிகள் ஸ்பானியர்களுக்காகச் செதுக்கிய சுரூபங்கள் கடல்கடந்து பல நாடுகளுக்குச் சென்றன. அவர்கள் செதுக்கிய புனிதர்களின் கண்கள் சற்றே நீண்டு, இமைகள் தாழ்ந்திருப்பதைக் காணலாம். கலைஞன் தன் ஊர் முகத்தைத்தான் அறிவான்.

தூத்துக்குடியில் பனிமய மாதாவின் மரச்சுரூபம் மிகவும் புகழ்பெற்றது. மணிலாவிலிருந்து ‘சாந்தா ஹெலேனா’ என்ற கப்பலில் 1555-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் அது வந்து சேர்ந்தது என்று மரபு கூறுகிறது. ஸ்பானியர் மணிலாவில் தங்கள் நகரை நிறுவியதோ 1571-ஆம் ஆண்டில். வரலாறு பயிலும் மாணவர் இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மரபு சொல்வதை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்று தாமே எடைபோடலாம். சுரூபத்தின் பெருமை அதனால் குறைந்துவிடாது.

தமிழ்ப் பாடநூல்களில் அடிக்கடி இடம்பெறும் வீரமாமுனிவருக்கும் இக்கலையில் பங்குண்டு. 1680-இல் இத்தாலியில் பிறந்த அவர், தமிழகம் வந்து சதுரகராதியும் பரமார்த்த குரு கதையும் படைத்தார் என்பதைப் பலரும் அறிவர். கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய பெரியநாயகி மாதா ஆலயத்தின் சுரூபம், தமிழ்ப்பெண்ணின் ஆடை அணிகளோடு அமைய வேண்டும் என்று அவரே கேட்டு மணிலாவில் செய்வித்தார் என்பர். சேலையுடுத்திய மாதாவை நினைத்த அதே உள்ளம்தான் 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடியது. அந்தக் காப்பியத்தின் பாட்டுடைத் தலைவர் யோசேப்பு. வளன் என்று தமிழ்ப்பெயர் சூட்டப்பட்ட அவர், தொழிலால் ஒரு தச்சர். மன்னர்களையும் வணிகர்களையும் தலைவர்களாகக் கொண்ட தமிழ்க் காப்பிய வரிசையில் உளியும் வாய்ச்சியும் ஏந்தியவருக்கும் ஓர் இருக்கை கிடைத்தது.

மரத்தில் இறையுருவம் அமைப்பது தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தில் அத்திமரத்தால் ஆன வரதர் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குளத்திலிருந்து வெளியே வந்து காட்சி தருகிறார். கடைசியாக 2019-இல் அந்த விழா நடந்தது. தேர்களைச் சுற்றிலும் உள்ள சிற்பங்கள், சுவாமி எழுந்தருளும் யானை, குதிரை, மயில் வாகனங்கள் யாவும் மரவேலையே. கல்லில் வடித்த மூலவர் கருவறையை விட்டு நகர மாட்டார். ஊர்வலம் வருபவற்றுக்கு எடை குறைந்த பொருள் தேவை. எனவே சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுசெல்லும் கத்தோலிக்கரின் பவனி தமிழருக்கு அயலானதாகத் தோன்றவில்லை. சப்பரம் என்ற சொல்லும் தேர் என்ற சொல்லும் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டன. அந்தோணியாரின் பெயரால் ஏழைகளுக்கு ரொட்டி வழங்கும் ஐரோப்பிய வழக்கம், தென்தமிழகத்தில் ஊரே கூடி உண்ணும் ‘அசனம்’ என்ற விருந்தாக மாறியது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் அருகிலேயே இதற்கு ஒப்பான மரபு ஒன்று உள்ளது. கேரித் தீவில் வாழும் மா மெரி பழங்குடியினர், சதுப்பு நிலத்தில் வளரும் நீரே பாத்து என்னும் செந்நிற மரத்தில் தங்கள் மூதாதையரின் ஆவிகளை உருவங்களாகச் செதுக்குகின்றனர். அவற்றை ‘மோயாங்’ என்பர். நோயை உருவத்தில் ஏற்றி வெளியேற்றுவதற்காகச் செதுக்கப்பட்டவையும் அவற்றுள் உண்டு. சமயம் வேறு, நம்பிக்கை வேறு. உவரிக் கப்பலின் தச்சரும் கேரித் தீவின் சிற்பியும் ஒருவரையொருவர் அறிந்தவர் அல்லர். ஆயினும், உடல் நோகும்போது மனிதன் மரத்தையும் உளியையும் நாடிய கதை இரண்டு இடத்திலும் கேட்கிறது.

மரத்தால் ஆன உருவத்தை வணங்கலாமா என்ற கேள்வி கிறிஸ்தவர்களிடையே மிகப் பழையது. அதற்காக இரத்தமும் சிந்தப்பட்டிருக்கிறது. 787-இல் நீசேயா நகரில் கூடிய திருச்சங்கம் ஒரு வேறுபாட்டை வகுத்தது. ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது; புனிதர்களுக்குச் செலுத்துவது வணக்கம்; உருவத்துக்குச் செய்யும் மரியாதை அது குறிக்கும் ஆளையே சென்றடையும் என்றது. தமிழ்மொழியில் இவ்வேறுபாட்டைச் சொல்வது எளிது. பெற்றோரையும் ஆசிரியரையும் பெரியவரையும் வணங்குகிறோம்; அவர்களை ஆராதிப்பதில்லை. வீட்டுச் சுவரில் மாட்டிய பாட்டியின் படத்துக்கு மாலை போடுபவர், சட்டத்தையும் கண்ணாடியையும் பாட்டி என்று எண்ணுவதில்லை.

எல்லாரும் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. 1566-இல் நெதர்லாந்துப் பகுதிகளில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தேவாலயங்களுக்குள் புகுந்து சுரூபங்களை உடைத்தெறிந்தனர். அதே சீர்திருத்தத்தின் முன்னோடியாகிய மார்ட்டின் லூத்தரோ, 1522-லேயே அத்தகைய உடைப்பை எதிர்த்துப் பேசியவர். இன்றும் சிலர் சுரூபம் வைக்கின்றனர், சிலர் வைப்பதில்லை. பிரிக்பீல்ட்சில் தமிழ் லூத்தரன்களுக்காக 1924-இல் எழுந்த சீயோன் ஆலயமும், துன் சம்பந்தன் சாலையில் உள்ள கத்தோலிக்க ஜெபமாலை மாதா ஆலயமும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. ஒன்றில் புனிதர்களிடம் மன்றாடும் வழக்கம் இல்லை, மற்றதில் உண்டு. இரு தரப்பினரும் அதே வட்டாரத்துக் கடைகளில் சாமான் வாங்குகின்றனர்.

டச்சுக்காரர்கள் 1641-இல் மலாக்காவையும் 1658-இல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியபோது கத்தோலிக்கர்களுக்குச் சோதனைக் காலம் தொடங்கியது. தேவாலயங்கள் பறிபோயின, குருக்கள் துரத்தப்பட்டனர். மக்கள் சுரூபங்களை மறைத்துவைத்துக் காப்பாற்றினர். இங்குதான் மரத்தின் அருமை புலப்படும். கல்லைப் பெயர்த்துக்கொண்டு ஓட முடியாது. மரத்தைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு இரவோடு இரவாகப் படகேறலாம்.

மலாயாவுக்கு வந்த தமிழர்கள் பெரும்பாலும் சுரூபங்களைச் சுமந்து வரவில்லை. இரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் இரப்பர்த் தோட்டங்களிலும் வேலை செய்ய வந்தவர்களின் பெட்டியில் மாற்றுத்துணிக்கே இடம் போதவில்லை. அவர்கள் கொண்டுவந்தவை பெயர்களும் நேர்ச்சைகளும் மன்றாட்டுகளும்தாம். கோலாலம்பூரில் பிரெஞ்சு நாட்டுக் குரு சார்லஸ் லெத்தெசியே 1883-இல் புக்கிட் நானாசில் புனித யோவான் ஆலயத்தைத் தொடங்கினார். முதலில் எல்லா இனத்தவரும் அங்கேயே வழிபட்டனர். மக்கள்தொகை பெருகவே, சீனக் கத்தோலிக்கர்களுக்காகப் பிரிக்பீல்ட்சில் ஜெபமாலை மாதா ஆலயமும், தமிழர்களுக்காகப் புடுவில் அந்தோணியார் ஆலயமும் உருவாயின. கிள்ளானில், இன்று ‘லிட்டில் இந்தியா’ என்று பெயர்பெற்ற துங்கு கிளானா சாலையில், லூர்து மாதா ஆலயம் 1928-இல் எழுந்தது. பூமாலைக் கடைகளும் துணிக்கடைகளும் நிறைந்த அத்தெருவில் கோதிக் பாணிக் கோபுரம் ஒன்று நிமிர்ந்து நிற்பதை வழிப்போக்கர் யாரும் காணாமல் போக முடியாது.

தமிழருக்குத் தனியாக ஓர் ஆலயம் என்பது மொழியைப் பொறுத்த செய்தி. தாய்மொழியில் பாவமன்னிப்புக் கேட்கவும், தாய்மொழியில் மறையுரை கேட்கவும், தாய்மொழியில் பாடவும் இடம் வேண்டியிருந்தது. அந்த ஆலயத்துக்குக் காவலராக அந்தோணியார் அமைந்தபோது, தென்தமிழகக் கடற்கரையிலிருந்து வந்தவர்களுக்கு அவர் அந்நியராக இருந்திருக்க மாட்டார்.

அந்தக் காலத்தில் உலகெங்கும் உள்ள மறைப்பணித் தளங்களுக்குப் பாரிஸ் நகரின் பட்டறைகளிலிருந்து சாந்துச் சுரூபங்கள் அனுப்பப்பட்டு வந்தன. ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் வார்த்து வண்ணம் பூசப்பட்டவை அவை. விலை மலிவு, முகம் அழகு, கரையான் அரிக்காது. ஆனால், ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். மரச்சுரூபத்தின் நிலை வேறு. மரத்தின் முடிச்சு எங்கே இருக்கிறது, இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கேற்ப உளி வளைந்து கொடுக்கும். எனவே, ஒரே சிற்பி இரண்டு அந்தோணியாரைச் செதுக்கினாலும் இரண்டும் இரண்டு ஆள்களே.

மரச்சுரூபத்தைக் காப்பது இந்த நாட்டின் தட்பவெப்பத்தில் எளிதன்று. ஈரக்காற்றில் மரம் உப்பும். குளிரூட்டியின் வறண்ட காற்றில் சுருங்கும். மரம் அசையும்போது மேற்பூச்சு அதனோடு சேர்ந்து அசையாது. செதில் செதிலாக உதிரும். கரையான் உள்ளிருந்தே தின்னும். வெளியே வண்ணம் கெடாமல் இருக்க, தட்டிப் பார்த்தால் ஓசை வெறுமையாகக் கேட்கும். இவற்றுடன் அன்பினால் வரும் சேதமும் உண்டு. தொட்டுத் தொட்டுப் பாதத்தின் வண்ணம் தேயும். மெழுகுவர்த்திப் புகை முகத்தைக் கருக்கும்.

அப்போது பக்தர்கள் இரண்டு கட்சியாவதுண்டு. திருவிழாவுக்குள் புது வண்ணம் பூசிப் பளபளப்பாக்க வேண்டும் என்பார் சிலர்; மங்கிய முகத்தோடு புனிதரைத் தெருவில் கொண்டுபோவது மரியாதையா என்று அவர்கள் கேட்பர். பழைய வண்ணத்தின்மேல் கடையில் வாங்கிய எனாமலைப் பூசினால் முதற்கலைஞனின் கைவேலை நிரந்தரமாக மறைந்துவிடும் என்பார் வேறு சிலர். இருவர் சொல்வதிலும் பக்தி இருக்கிறது. பழம்பொருள் காப்பாளர்கள் பின்பற்றும் வழி நடுவழி எனலாம்: தூசியையும் புகைக்கரியையும் மென்மையாக அகற்றுவது, பெயர்ந்த பூச்சை ஒட்டுவது, பின்னாளில் நீக்கக்கூடிய வண்ணத்தை மட்டும் உதிர்ந்த இடத்தில் தொட்டு நிரப்புவது. இதற்குப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும், பணமும் வேண்டும். ஒரு திருவிழாவுக்கும் அடுத்த திருவிழாவுக்கும் இடையில் இந்த வேலை முடியாமலும் போகலாம். சில ஆலயங்களில் பழைய மரச்சுரூபத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் பீடத்தில் வைத்துவிட்டு, பவனிக்கென்று வேறொன்றைச் செய்துகொள்கின்றனர். கருவறையில் மூலவர், தெருவுக்கு உற்சவர் என்ற தமிழ்க் கோயில் ஏற்பாடு போன்றதே இது.

ஜூன் மாத மாலைகளில் கோலாலம்பூரில் திடீரென மழை பிடித்துக்கொள்வதுண்டு. பவனி புறப்படும் நேரத்தில் வானம் இருண்டால், சுமப்பவர்கள் முதலில் பார்ப்பது தங்கள் தலையை அன்று. யாரோ ஒருவர் நெகிழித் தாளுடன் ஓடிவருவார். புனிதரின் தோளிலும் குழந்தையின் தலையிலும் அது போர்த்தப்படும். மழை விட்டதும் தாளை நீக்கி, ஆடை மடிப்புகளில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சப்பரத்தை மீண்டும் தூக்குவர்.